இடம் பார்க்கும்போதே ஒரு டாக்டரையும் கூட்டிப் போங்கள்

"கூவம் ஓரத்துல கொசுக்கடியில கிடந்தவங்களுக்கு கான்கிரீட் வீடே கொடுத்தாச்சு, இன்னும் என்ன வேணும்?" ஆற்றோரக் குடிசைகளை அகற்றி மக்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த, சென்னையின் தெற்கு ஓரத்துப் பெரும்பாக்கம் பற்றிப் பேச்சு வந்தாலே என் நட்புப் பட்டியலில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்கிறார். கமென்டில் பதில் சொல்ல இடம் போதவில்லை, அதனால் தனிப் பதிவு.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஆற்றோரக் குடிசை உடம்புக்கு நல்லதல்ல. 2015 வெள்ளத்தில் அங்கே என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். தாழ்ப்பாள் போட்ட கதவும் வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண்கள் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அந்த வீடு எங்கே இருக்கிறது? தீவுத்திடல் பக்கம் சத்தியவாணி முத்து நகரில் இருந்தவர்களுக்கு ஜெனரல் ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். 2019 கடைசியில், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே, அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போகும், போகாவிட்டால் மாத்திரை இல்லை. பெரும்பாலும் கூலிதான் ஜெயிக்கும். 2021-ல் வந்த மகளிர் இலவசப் பஸ்தான் அந்தப் பகுதிக்கு அரசு செய்த பெரிய மருத்துவ உதவி என்பேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

எங்கள் அம்மா வீட்டில் வேலை பார்த்த அக்கா ஒருவருக்கு அப்படியொரு குடியிருப்பில் ஆறாவது மாடி. லிஃப்ட் நின்றால் மூட்டு வலியோடு அவர் இறங்குவதில்லை. முன்பு வாசல்படியில் உட்கார்ந்தால் போகிற வருகிற எல்லோரிடமும் பேச்சு நடக்கும், யாருக்குக் காய்ச்சல் என்பது முதல் எல்லாம் தெரிந்துவிடும். இப்போது பேச டிவிதான். அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியதற்கு இதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவர் அப்படித்தான் சொல்கிறார், நான் நம்புகிறேன்.

வீடு எங்கே என்பதோடு எப்படிக் கட்டினோம் என்பதும் இருக்கிறது. மும்பையின் மான்கூர்ட், கோவண்டிப் பகுதிகளில் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்று மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் உண்டு. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் சில அடிகள்தான் இடைவெளி. டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வு, அங்கே காசநோய் அதிகமாக இருப்பதை வெயிலும் காற்றும் நுழையாத கட்டட அமைப்போடு சேர்த்துப் பார்த்தது. கீழ்த்தளங்களில் நிலைமை இன்னும் மோசம். மற்ற கட்டடங்களுக்கு உள்ள இடைவெளி விதிகளைக் குடிசைவாசிகளுக்கான கட்டடங்களுக்கு மட்டும் தளர்த்தியதுதான் இதன் பின்கதை. ஏழை என்றால் நுரையீரல் கொஞ்சம் சின்னதாக இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், பூஞ்சை பிடித்த அரசு சார்ந்த வாடகை வீட்டில் வசித்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020-ல் இறந்தது. அதன் பிறகு அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. ஆபத்தான ஈரம், பூஞ்சை பற்றிப் புகார் வந்தால் பத்து வேலை நாட்களுக்குள் வீட்டு நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும், அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள் சரி செய்ய வேண்டும். நம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் சுவர் ஊறினாலோ லிஃப்ட் நின்றாலோ எத்தனை நாளில் சரி செய்ய வேண்டும்? அப்படி ஒரு கெடு எழுத்தில் இருந்து, அது வாசலில் ஒட்டியிருந்தால் போதும், பாதிச் சண்டை குறையும்.

சரி, நிலம் எங்கே இருக்கிறது என்பீர்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயோ பக்கத்திலேயோதான் அடுக்குமாடிகளைக் கட்டினார்கள். இன்று அவற்றில் பழுதானதை இடித்து, அதே இடத்தில் சுமார் 400 சதுர அடியில் புதிதாகக் கட்டித் தருகிறார்கள். கட்டி முடியும்வரை வெளியே வாடகைக்கு இருக்க 24,000 ரூபாய் கருணைத் தொகையும் உண்டு. போதாத தொகைதான். ஆனாலும் பையனின் ஸ்கூல் மாற வேண்டாம், ஆஸ்பத்திரி சீட்டு மாற வேண்டாம், வேலையும் போகாது. ஆற்றங்கரையிலேயே கட்டச் சொல்லவில்லை. அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் தேடச் சொல்கிறேன். பழைய குடியிருப்புவாசிக்கு முடிகிற இது கூவத்தோரக் குடும்பத்துக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று, அந்தக் கேள்வி கேட்ட நண்பர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.