வெட்டுவது வளையத் தசையை, நோயை அல்ல
"கழுத்தில் ஒரு ஆபரேஷன் செய்தால் ஆக்குலோஃபரிஞ்சியல் தசைச்சிதைவு குணமாகிவிடும்" என்று சிலர் சொல்வது தவறு. கண் இமைகளும் தொண்டைத் தசைகளும் மெல்ல மெல்லத் தளர்ந்துபோகும் பரம்பரை நோய் இது; கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சு வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுகிறது. காரணமான மரபணுவை 1998இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதை எந்தக் கத்தியும் தொடுவதில்லை. வெட்டுவது உணவுக்குழாய் வாசலில் இறுகிக் கிடக்கும் வளையத் தசையை மட்டும்தான். வாசல் திறந்து சாப்பாடு இறங்கும், பலருக்குப் பெரிய நிம்மதி. சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் உணவைக் கீழே தள்ளவேண்டிய தொண்டைத் தசைகள் தளர்ந்துகொண்டேதான் போகும். அதனால் சில வருடங்களில் சிக்கல் திரும்பலாம். அந்த வாசலைப் பலூனால் விரிப்பது இன்னொரு வழி. தேவைப்பட்டால் மறுபடியும் செய்யலாம். அப்புறம், தொண்டை ஏற்கெனவே ரொம்பத் தளர்ந்தவர்களுக்கு வெட்டினாலும் பலன் குறைவு. விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவில் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் முறை.