மாத்திரை போட்டும் குறையாத இரத்த அழுத்தம்

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களிடம் உப்பைப் பற்றிக் கேட்டால், "சோற்றில் பச்சை உப்பு போட்டுக்கொள்வதே இல்லை" என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் நாரத்தங்காய், மோர்மிளகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்பள மாவில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, உப்பில் உள்ள சோடியம் அதிலும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. இட்லி மாவில் போடுவது தொடங்கி ராத்திரிக் குழம்பு வரை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

உடம்பில் சோடியம் மிகும்போது தண்ணீரும் கூடவே தேங்கி, இரத்தத்தின் அளவு கூடுவதால் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் உள்ள ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகளின் மெல்லிய இரத்தக் குழாய்கள் அந்த அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கித் தடித்துச் சுருங்கிவிடுகின்றன. பழுதான சிறுநீரகத்தால் உப்பைச் சரிவர வெளியேற்ற முடியாததால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. இதில் வலியே கிடையாது. சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனைதான் இதை முன்கூட்டியே காட்டும்.

எனக்குப் பெரிய கவலை மாத்திரையைப் பற்றியது. எனலாப்ரில், லோசார்ட்டான் போன்றவை அழுத்தத்தோடு புரதக் கசிவையும் குறைப்பவை. உப்பு மிகுந்த சாப்பாடு அந்தப் பலனை மட்டுப்படுத்துகிறது. ஊறுகாய் அப்படியே இருக்க, மாத்திரையின் அளவு மட்டும் கூடுகிறது.

இந்துப்புக்கு மாறினால் போதும் என்று நம்புகிறவர்களும் உண்டு. அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு வேறு வகை. சீனக் கிராமங்களில் நடத்தி 2021-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில் அது பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கவே கூடாது.

மருத்துவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுண்டு. "உப்பைக் குறையுங்கள்" என்று நோயாளியிடம் மட்டும் சொல்லி அனுப்பாமல், வெளியே காத்திருக்கும், வீட்டில் சமைப்பவரையும் உள்ளே அழைத்துப் பேசுங்கள். ஒருவருக்கு மட்டும் தனிப் பத்தியச் சமையல் பல வீடுகளில் ஒரு வாரம்கூட நீடிப்பதில்லை. வீடு முழுவதற்கும் சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.