ஸ்வாப் கோப்பு மெதுவானதல்ல
நினைவகம் (RAM) போதாதபோது லினக்ஸ் தரவை வட்டுக்கு மாற்றிவைக்கும் இடம்தான் ஸ்வாப். அதற்குக் கோப்பைவிடத் தனி பார்ட்டிஷனே (வட்டில் பிரித்து ஒதுக்கிய பகுதி) வேகமானது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 2.4 பதிப்பில் இருந்த காலத்துக் கணக்கு. 2.6 முதல், ஸ்வாப்பை இயக்கும்போதே கோப்பின் துண்டுகள் வட்டில் எங்கெங்கே இருக்கின்றன என்று கெர்னல் குறித்துக்கொள்கிறது. பிறகு கோப்பு முறைமையின் வழியே போகாமல் நேராக வட்டில் எழுதுகிறது, படிக்கிறது. கோப்பு சிதறாமல் இருந்தால் வேகத்தில் வேறுபாடு தெரியாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவும் 17.04 பதிப்பிலிருந்து புதிய நிறுவல்களில் கோப்புக்கே மாறிவிட்டது.

என் பழைய மடிக்கணினியில் 2 ஜிபி பார்ட்டிஷன் போதாமல் போய், வட்டையே மறுபடி பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் வீணானது! கோப்பாக இருந்திருந்தால் அழித்துப் பெரிதாக உருவாக்கச் சில நிமிடங்கள் போதும். ஹைபர்னேஷன் (நினைவகத்தில் உள்ளதை வட்டில் சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பது) பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் பார்ட்டிஷன் எளிது. கோப்பென்றால் அது வட்டில் தொடங்கும் இடத்தையும் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். புதியவர்கள் படிக்கும் கட்டுரை இது, அந்தப் பத்தியைத் தயவுசெய்து திருத்துங்கள்.