‘தி பிரசன்ட்’ ஆஸ்கர் வாங்கவில்லை

ஒருவர் ‘தி பிரசன்ட்’ படத்தை ‘ஆஸ்கர் வாங்கிய பாலஸ்தீன ஆவணப்படம்’ என்று எழுதியிருக்கிறார். ஆஸ்கரும் தவறு, ஆவணப்படமும் தவறு. ஃபரா நபுல்சியின் இந்தக் குறும்படம் 2021 ஆஸ்கரில் பரிந்துரையோடு நின்றுவிட்டது. விருது ‘டூ டிஸ்டன்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ படத்துக்குப் போனது. ஆனால் ‘தி பிரசன்ட்’ அதே ஆண்டு பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா வாங்கியது. அதுவே சின்ன விஷயமில்லை, இல்லாததை ஏன் சேர்க்க வேண்டும்?

கதை கற்பனைதான். மனைவிக்குப் பரிசாக ஃபிரிட்ஜ் வாங்க மகளோடு கிளம்புகிறார் ஒரு அப்பா. இஸ்ரேல் ராணுவத்தின் சோதனைச்சாவடியில் அவரைக் கூண்டுக்குள் நிறுத்திவைக்கிறார்கள். காத்திருந்த பிள்ளை உடையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறாள். ஆனால் தொடக்கத்தில் பெத்லகேம் சாவடியில் முண்டியடித்துப் போகிறவர்கள் நிஜமாகவே வேலைக்குப் போகும் தொழிலாளர்கள். ஆவணப்படம் என்ற குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.