கில்ட் கட்டினது நான், வெட்கம் உங்களுக்கா?

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. அந்தப் படம் விஷயம்தான். எந்தப் படம் என்று கேட்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், நம் ஆட்களின் அந்த வாட்ஸப் குழுவில் நீங்கள் இல்லை. நான் கில்ட் கட்டி நிற்கிற படம் அது. கில்ட் என்றால் ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டுகிற, முழங்கால் வரை வரும் கொசுவம் வைத்த உடுப்பு.

பெயர் சொல்லப்போவதில்லை. எழுதியவர் எனக்கு மூத்தவர், கிளாஸ்கோவுக்கு எனக்கு முன்னால் வந்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், இனிமேலும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஆனால் அண்ணே, "பாவாடை கட்டிய பாண்டிய நாட்டு வீரன்" என்று என் படத்துக்குக் கீழே எழுதிவிட்டு, சிரித்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாகக் கைகூப்பி நன்றி வேறு சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் என்னை எழுதவைத்தது.

நடந்தது சின்ன விஷயம். கூட வேலை பார்க்கும் பையனுக்கு ஸ்டெர்லிங் பக்கத்தில் கல்யாணம். வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்க வாசலில் நிற்கிறாயா என்று கேட்டான். நிற்கிறவர்கள் எல்லாரும் கில்ட் கட்டுகிறார்கள், உனக்கும் சேர்த்து வாடகைக்குச் சொல்லட்டுமா என்றான். சரி என்றேன். வீட்டுக்காரர்கள் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு வெள்ளைக்காரர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றால் அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்து, "நம்ம கலாச்சாரத்தை எப்படி மதிக்கிறார் பாருங்க" என்று போடுகிறோமா இல்லையா? அண்ணனே போட்டிருக்கிறார். அவர் பக்கத்தில் தேடினால் கிடைக்கும், இதய எமோஜியோடு.

ஏதோ துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன் என்று நினைப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். முழு அளவு கில்ட் என்றால் 8 கஜம், அதாவது 7 மீட்டருக்கு மேல் கம்பளித் துணி. வாடகைக் கடைப் பெரியவர் டேப்பை எடுத்துத் தொப்புளுக்கு நேராக வைத்தார். பேன்ட் சைஸைச் சொல்ல வாயெடுத்தேன், "அதை மறந்துடு, அது எல்லாருக்கும் பொய்தான்" என்றார். கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் நிற்க வேண்டுமாம். கொசுவம் முழுக்கப் பின்னால், முன்பக்கம் தட்டை. உள்பக்கத்து வார் இடுப்போரம் இருக்கும் ஒரு சின்னத் துளை வழியே வெளியே வந்து இடது பக்கக் கொக்கியில் மாட்டும். மேல் மடிப்பை வலது பக்கம் கொண்டுவந்து இறுக்க வேண்டும். முன்னால் தொங்கும் தோல் பைக்கு ஸ்போரன் என்று பெயர், கில்ட்டில் பாக்கெட் கிடையாது என்பதால் சாவி, போன், பஸ் கார்டு எல்லாம் அதற்குள்தான். காலுறையில் ஒரு குட்டிக் கத்தி. என் மனைவி கேட்ட முதல் கேள்வியே "போலீஸ் புடிக்காதா?" என்பதுதான். பிடிக்காது, தேசிய உடையின் பகுதியாகக் கத்தி வைத்துக்கொள்ள இங்கே சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. போதாததற்கு எனக்குக் கொடுத்தது பிளேடே இல்லாத வெறும் பிளாஸ்டிக் பிடி.

வீட்டுக் கதவைத் திறந்து தெருவில் கால் வைத்தபோது கூச்சமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. முழங்காலில் காற்று பட்டது. ஊரே பார்க்கிற மாதிரி இருந்தது. குயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன், ஒருத்தரும் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலையில் கிளாஸ்கோவில் கில்ட் என்றால் யாருக்கோ கல்யாணம், அவ்வளவுதான். பிளாட்பாரத்தில் என்னைப் போலவே கிளம்பி நின்ற நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். ரயிலில் உட்காரப் போனபோது எதிர் சீட்டுப் பாட்டி, "உட்காரும்போது பின்னால கையை வச்சு மடிப்பை ஒதுக்கிக்கோ, இல்லன்னா கசங்கிடும்" என்று ஜாடையோடு சொல்லிக் கொடுத்தார். அப்புறம் "நல்லாருக்குப்பா உனக்கு" என்றார். நடைபாதையில் போன ஒருவன் உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டான், அவன் குடித்திருந்தான். நம் குழுவிலிருந்து இன்பாக்ஸுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டவர்களுக்கு அந்தச் சமாதானமும் இல்லை, மத்தியானம் இரண்டு மணிக்குக் கேட்டிருக்கிறார்கள்.

ஆக, கில்ட்டுக்குச் சொந்தக்காரர்கள் சிரிக்கவில்லை. சிரித்தது நம் ஆட்கள்.

சரி, "வெள்ளைக்காரன் உடுப்பு, அடிமைப் புத்தி" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, உங்கள் புரொபைல் படத்தில் கோட்டு, சூட்டு, டை. அதை நெய்து கொடுத்தது உறையூரா? இந்தக் கில்ட்டின் கதை தெரியுமா? 1746-இல் கலோடன் போரில் ஹைலேண்டர்கள், அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள், அரசுப் படையிடம் தோற்றதும் லண்டன் பாராளுமன்றம் சட்டம் போட்டு இதைத் தடை செய்தது. ஹைலேண்டில் ஓர் ஆண் இதைக் கட்டினால் ஆறு மாதம் சிறை. மறுபடி கட்டினால் ஏழு வருடத்துக்குக் கடல் தாண்டி நாடு கடத்தல். 1782-இல்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். தடை இருந்த காலத்தில் இதைத் தாராளமாகக் கட்ட அனுமதி இருந்தது அரசனின் பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு. அடிமை, ஆண்டான் என்று பேசுவதற்கு முன்னால் இதையெல்லாம் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம்.

உடனே ஒருவர் வருவார், அந்தப் பட்டாளம்தானே நம் ஊருக்கு வந்தது என்று. வந்தது. 1780-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனிப் படையை நொறுக்கினார்களே, அந்தப் படையில் ஹைலேண்டர்களும் இருந்தார்கள். சென்னைத் தீவுத்திடல் பக்கம் சிலையாகக் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் பழைய சென்னை மாகாண கவர்னர் மன்றோ இதே கிளாஸ்கோவில் பிறந்தவர்தான். நியாயமான பேச்சு, இதைச் சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பேன். ஆனால் அண்ணன் சொன்னது இதையா? புள்ளலூர் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியுமா? அவர் சொன்னது "பாவாடை".

வரலாறு படித்த நண்பர் ஒருவர், இப்போது கட்டுகிற கில்ட் அப்படி ஒன்றும் பழசு இல்லை, 1822-இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த கூத்தில்தான் இது நாடு முழுக்கப் பெருமையானது, அந்த ராஜா கில்ட்டுக்குக் கீழே தோல் நிறத்தில் காலுறை மாட்டிக்கொண்டு நின்றார் என்று நீளமாக எழுதியிருந்தார். உண்மைதான். இருக்கட்டுமே. கல்யாண வீட்டில் யாரும் கல்வெட்டு ஆதாரம் கேட்கவில்லை.

இந்தப் "பாவாடை"க்கு வருகிறேன். சட்டென்று சிரிப்பு வருகிறது இல்லையா உங்களுக்கெல்லாம்? ஏன் வருகிறது? ஒரு ஆம்பளையை அசிங்கப்படுத்த வேண்டுமென்றால் அவனைப் பொம்பளை என்று சொன்னால் போதும் என்பது அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. என் அக்கா பாவாடை தாவணியோடு சைக்கிள் மிதித்துப் போய் டைப்ரைட்டிங் படித்து, வேலைக்குப் போய், என்னைப் படிக்கவைத்தவள். அந்தத் துணியைச் சொன்னால் எனக்கு எதற்கு அவமானம்? மகளிர் தினத்துக்கு அண்ணன் போட்ட பதிவை மறுபடி போய்ப் படித்தேன். தாய்மை, சக்தி, ஆணுக்குப் பெண் சமம் எல்லாம் இருக்கிறது. நானும் அதற்கு லைக் போட்டிருக்கிறேன்.

அதுவும் யார் சிரிக்கிறார்கள்? கைலியைக் கட்டிக்கொண்டு மேலே மட்டும் சட்டை போட்டு, கேமரா முன்னால் ஆபீஸ் மீட்டிங் பேசுகிற நாம் சிரிக்கிறோம்.

"இவ்வளவு பேசுறவன் நம்ம வேட்டியைக் கட்டினானா?" என்று கேட்டது யார் என்றும் பார்த்தேன். கட்டினேன். பொங்கல் விழாவுக்கு ஜனவரிக் குளிரில் உள்ளே தெர்மல் போட்டு, மேலே வேட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறேன். அண்ணன் காரில் வந்து இறங்கி, ஹால் பாத்ரூமில் போய் வேட்டியை ஒட்டிக்கொண்டு, படம் எடுத்து முடித்ததும் கழற்றிவிட்டுப் பேன்ட்டுக்கு மாறினார்.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், இப்போது சொல்கிறேன். என் அப்பா இங்கே வந்திருந்தபோது நடந்தது. அப்பாவுக்கு வேட்டிதான் எல்லாம், வயலுக்கும் அதுதான், தாசில்தார் ஆபீசுக்கும் அதுதான். கெல்வின்குரோவ் பூங்காவில் ஸ்வெட்டருக்குக் கீழே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார், ஒரு வெள்ளைக்காரர் நின்று பேசி, துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் நம் ஆட்களின் கோடைக்கால விருந்து வந்தது. முந்தின நாள் இரவு அண்ணன் போன் செய்தார். "தம்பி, கவுன்சிலர் எல்லாம் வர்றாங்க. அப்பாவ பேன்ட் போட்டுக் கூட்டிட்டு வா, பாக்குறவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க." என்னுடைய பேன்ட்டைத்தான் போட்டுவிட்டேன். இடுப்பு பெரிது, பெல்ட்டில் புதுசாக ஓட்டை குத்த வேண்டியிருந்தது. கீழே இரண்டு மடிப்பு. விருந்து முடிகிறவரை அப்பா எழுந்திருக்கவே இல்லை, சாப்பாட்டை நான்தான் தட்டில் வாங்கிவந்து கொடுத்தேன். ஏன் என்று கேட்டதற்கு, நடந்தால் தடுக்குது என்றார்.

சென்னையில் 2014-இல் வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியைக் கிளப் வாசலிலேயே நிறுத்தினார்கள், அப்போது அண்ணன் பொங்கி எழுந்து தமிழனின் மானம் என்று எழுதினார். தமிழ்நாட்டில் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. என் அப்பாவுக்கு எந்தச் சட்டம் வரும்? அவரை நிறுத்தியது கிளப் இல்லையே, நீங்கள்தானே?

வேட்டி கட்டினாலும் உங்களுக்கு வெட்கம், கில்ட் கட்டினாலும் உங்களுக்கு வெட்கம். வெள்ளைக்காரன் என்ன நினைப்பான் என்கிற ஒரே கவலைதான் இரண்டிலும். அந்த வெள்ளைக்காரனோ என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஆடவிட்டான். ஆடும்போது ஸ்போரன் இடிக்குதென்று அதை இடுப்போரமாகத் தள்ளிவிட்டது மாப்பிள்ளையின் மாமா. போகும்போது, ஜனவரி 25 பர்ன்ஸ் இரவுக்கு, அதாவது ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்துக்கு, வீட்டுக்கு வா, கில்ட் இல்லையென்றால் என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். போகத்தான் போகிறேன்.

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவா, விளையாட்டா எடுத்துக்கக்கூடாதா?" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் அப்பாவுக்குப் பேன்ட் போட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

பொங்கல் விழா பற்றிக் குழுவில் பேச்சு ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. வருவேன், வேட்டிதான் கட்டுவேன். ஆனால் ஹால் சாவி வாங்க, நாற்காலி அடுக்க, பானை தூக்க, முடிந்ததும் தரையைக் கூட்ட என்று முதல் நாளே போன் செய்து "தம்பி, நீ இல்லாம முடியாது" என்று இந்த வருடம் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பதினோரு மணிக்கு வருவேன், பொங்கல் சாப்பிடுவேன், கிளம்பிவிடுவேன். கமெண்ட் பகுதியை மூடவில்லை. அண்ணனும் வரலாம்.