டபிள்யூ என்றால் வெயிலாம்

என்ஜின் ஆயில் கேனில் 20டபிள்யூ-50, 5டபிள்யூ-30 என்று கிரேடு போட்டிருக்குமே, அதில் வருகிற டபிள்யூ என்றால் வெயிலாம். இதைச் சொன்னவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் கார் பானெட்டைத் திறந்து வைத்து, கையில் ஆயில் மக்கோடு நின்ற மெக்கானிக் சொன்னார். "20-50ன்னா இருபது வெயில் தாங்கும் சார். உங்க புக்ல அஞ்சுன்னுதானே போட்டிருக்கு? அஞ்சு வெயிலு ராம்நாட்டுக்கு எம்மாத்திரம்?"

இரண்டு நாளாகிறது. இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் ஏமாந்தவனாகப் போகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். வண்டியோடு வந்த மேனுவலைக் கையோடு எடுத்துப் போனேன். பக்கத்தை மடித்து, 5டபிள்யூ-30 என்ற இடத்தில் பேனாவால் இரண்டு கோடும் போட்டிருந்தேன். அவர் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார். புத்தகத்தை வாங்கினார். அட்டையைப் பார்த்தார். பின் அட்டையைப் பார்த்தார். "புக்கை நல்லா வச்சிருக்கீங்க சார்" என்று கார் கூரை மேல் வைத்துவிட்டார். மடித்த பக்கம் மடித்தபடியே இருந்தது.

அப்புறம் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, பழைய ஆயிலைப் பாதியாக அறுத்த கேனில் பிடித்தார். அதில் விரலை விட்டார். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்தார். "பாருங்க சார், தண்ணி." இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்த கையோடு இறக்கிய ஆயில் ஐயா அது. அடுப்பிலிருந்து இப்போது இறக்கிய நெய் உறைந்தா இருக்கும்? அடுத்து, மூலையில் இருந்த பேரலில் அதே விரலை விட்டு, என் மூக்குக்கு நேரே நீட்டி, மெதுவாகப் பிரித்தார். "இதப் பாருங்க, நூல் விடுது." மைசூர்பாகுக்குப் பாகு பதம் பார்ப்பார்களே, அச்சு அசல் அதேதான். கம்பிப் பதம் வந்துவிட்டது, இனி மாவைப் போட்டுக் கிளற வேண்டியதுதான் பாக்கி. நான் "தம்பி, ஒரு நிமிஷம்" என்பதற்குள் மூன்று லிட்டர் உள்ளே போய்விட்டது. பில்லில் என்ன கிரேடு என்று எழுதச் சொன்னேன். 'என்ஜின் ஆயில் - நல்லது' என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

டபிள்யூ என்றால் விண்டர். குளிர். 5 என்பது, மைனஸ் 30 டிகிரிக் குளிரிலும் என்ஜினைச் சுழல விடும் அளவுக்கு இளகி இருக்கிறதா என்று சோதித்துக் கொடுத்த எண். 20 என்றால் மைனஸ் 15 வரைதான். இருபதில் வெயிலும் இல்லை, வெக்கையும் இல்லை. மண்டபம் ஊர் ஐஸ் கம்பெனிக்குள்ளே காரைக் கட்டிப் போட்டாலும் நமக்கு அந்தக் குளிர் வருமா? கோடுக்குப் பின்னால் வருகிற எண்தான், ஆயில் 100 டிகிரியில் சூடாக இருக்கும்போது எவ்வளவு கெட்டி என்பது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (ஆயிலின் கெட்டியை அளக்கிற அலகு அது). 50 என்றால் 16.3க்குக் கீழே வரவே கூடாது. என்ஜினுக்குள் தெர்மோஸ்டாட் என்று ஒரு சாமான் இருக்கிறது. கொடைக்கானலில் ஓட்டினாலும் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ஓட்டினாலும், என்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட்டை ஏறக்குறைய 90 டிகிரியில் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. வெளியே 38 அடிக்கிறதே என்று ஆயிலைக் கெட்டியாக்குவது, வெயில் காலத்தில் ரசத்துக்குப் பதில் சாம்பார் குடிப்பது மாதிரி.

கெட்டியானால் என்ன, நல்லதுதானே என்பார்கள். காலையில் ஸ்டார்ட் போடும்போது 27 டிகிரி. நமக்குப் புழுக்கம், என்ஜினுக்கு அது குளிர். அந்த நேரத்தில் 20-50 என்பது 5-30ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. மேலே ஏற நேரமாகும், தேய்மானமும் அப்போதுதான் அதிகம். புது என்ஜின் பலவற்றில் வால்வு டைமிங்கை, அதாவது வால்வு திறந்து மூடுகிற நேரத்தை, முன்பின் தள்ளுவதே ஆயில் பிரஷர்தான். நூல் நுழைகிற சந்தில் பாகை ஊற்றினால்?

ஓடி ஓடித் தேய்ந்து, ஆயில் குடிக்கிற கிழட்டு வண்டிக்கு ஒரு படி கெட்டியாக ஊற்றுவதில் நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். என் வண்டிக்கு நாலு வயசு ஐயா, நாலு!

வீட்டில் சொன்னால் அதற்கு மேல். சித்தப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். "போட்டுக்கே நாங்க 40தான் ஊத்துறோம், ராப்பகலா கடல்ல நிக்குது, உன் காருக்கு என்ன கேடு?" ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். போட்டெல்லாம் தொழிலுக்குப் போகாமல் கிடக்க, என்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள். அந்த 61 நாளும் எங்கள் தெருவில் மெக்கானிக் அல்லாதவன் நான் ஒருத்தன்தான். ஒரே வேகத்தில் அடிக்கிற பெரிய டீசல் என்ஜினும் என் பெட்ரோல் காரும் ஒன்றா என்று கேட்டால், படித்த திமிர் என்று பெயர். உதிரி பாகக் கடையில் 5-30 கேட்டேன். "அது ஏசி ரூம்ல நிக்கிற வண்டிக்கு சார்."

இப்போது காலையில் ஸ்டார்ட் போட்டதும் இரண்டு மூன்று விநாடி டேப்பட் சத்தம், தையல் மெஷின் மாதிரி. 19 கொடுத்த மைலேஜ் 17. போன் போட்டேன். "ஆயில் செட் ஆகணும் சார், ஒரு ஆயிரம் கிலோமீட்டர் போகட்டும்" என்கிறார். ஆயில் என்ன மறுநாள் மீன்குழம்பா, செட் ஆகி ருசி கூட?

மதுரையிலிருந்து 5-30 கேன் சொல்லி வைத்திருக்கிறேன். நாளைக்கு வந்ததும் இதை இறக்கிவிட்டு மாற்ற வேண்டும். இறக்குகிற ஆயிலைச் சித்தப்பா இப்போதே கேட்டு வைத்துவிட்டார்.

இதற்கு நடுவில் மச்சினன் நேற்று அவசரம் என்று காரை வாங்கிப் போனான். திருப்பிக் கொண்டுவந்து விட்டபோது டிக்கியைத் திறக்கிறேன், நெத்திலிக் கருவாடு. வாய் கட்டாத சாக்கு. பாம்பனிலிருந்து பரமக்குடி வரைக்கும் ஏசியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். வாடை முழுக்க சீட் துணியில் இறங்கிவிட்டது. கத்தினேன். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"கதவைத் திறந்து போடுங்க மச்சான். நாலு வெயில் காட்டுனா போயிரும்."