ஒரு 'ப்' குறைந்த விளையாட்டுப் பெட்டி

(சென்னை, ரிச்சி தெரு. மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நான்கடி அளவில் ஒரு கடை. "விளையாட்டு பெட்டி பழுது பார்க்கப்படும்" என்ற பலகையை அண்ணாந்து பார்த்தபடி, கையில் மஞ்சள் பையுடன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இளங்கோவன் நிற்கிறார். உள்ளே அவருடைய பழைய மாணவன் முருகேசன் திருப்புளியுடன் உட்கார்ந்திருக்கிறான். எத்தனை ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும், தமிழாசிரியரைக் கண்டவுடன் மாணவனுக்குப் பேச்சுவழக்கு மறந்துபோகும்.)

இளங்கோவன்: முருகேசா, வன்றொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின்னால் வல்லினம் வந்தால் என்ன ஆகும்?

முருகேசன்: (துள்ளி எழுந்து) ஒற்று மிகும், ஐயா. வணக்கம், ஐயா.

இளங்கோவன்: அப்படியானால் உன் பலகையில் 'ப்' எங்கே?

முருகேசன்: பலகை எழுதியவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார், ஐயா. புள்ளி வைத்த எழுத்துக்கும் முழுக் காசு கேட்டார். வயிற்றெரிச்சலில் விட்டுவிட்டேன். உட்காருங்கள்.

இளங்கோவன்: என் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பிளேஸ்டேஷன் என்ற வீடியோ கேம் பெட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வீட்டில் நான்கு கைப்பேசிகள் இருக்கின்றன. கைப்பேசி பேசுகிறது, படம் எடுக்கிறது, மின்கட்டணம் கட்டுகிறது, வேண்டுமானால் விளையாடவும் விடுகிறது. இலக்கணப்படி சொன்னால் அது பலபொருள் குறித்த ஒருசொல். விளையாட்டைத் தவிர வேறு எதற்கும் உதவாத ஒரு பெட்டிக்கு எதற்காக அரை லட்சம் கொடுக்க வேண்டும்?

முருகேசன்: பிளேஸ்டேஷன் 5, 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது 49,990 ரூபாய், ஐயா. அரை லட்சத்துக்குப் பத்து ரூபாய் குறைவு.

இளங்கோவன்: அந்தப் பத்து ரூபாயில் நீ ஒரு 'ப்' எழுதியிருக்கலாம்.

முருகேசன்: (பேச்சை மாற்றி) ஐயா, உங்கள் வீட்டில் இட்லிக்கு எதில் மாவு அரைக்கிறார்கள்?

இளங்கோவன்: கிரைண்டரில்தான். மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடேறி இட்லி எழும்பாது என்று வீட்டில் சொல்வாள்.

முருகேசன்: கைப்பேசி என்பது மிக்ஸி, ஐயா. சட்னி அளவுக்கு விளையாடினால் குறை சொல்ல முடியாது. கனமான விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டினால், பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ளே விசிறி இல்லாததால் சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகும். ஓர் எல்லையைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதன் பிறகு திரையில் எதிரி விட்டு விட்டுத்தான் ஓடுவான். இந்தப் பெட்டியைப் பாருங்கள்.

(மூடியைக் கழற்றுகிறான். உள்ளங்கையை விடப் பெரிய விசிறி. அதன் இதழ்களில் கம்பளி போலத் தூசி. அடியில் அடுக்கடுக்காக உலோகத் தகடுகள். அவற்றின் இடுக்கிலிருந்து ஒரு கரப்பான்பூச்சி, வீட்டு உரிமையாளர் போல நிதானமாக வெளியே வருகிறது.)

இளங்கோவன்: இது யார்?

முருகேசன்: உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் குடும்பத்தோடு வந்து தங்கிவிடும், ஐயா. எனக்கு வரும் பழுதுகளில் பாதி இவர்கள் உபயம்.

இளங்கோவன்: விளையாட்டுக்கு மட்டும் என்று நினைத்தேன், குடியிருப்பும் இருக்கிறதே! அதுவும் போகட்டும், எங்கள் கிரைண்டரோடு தேங்காய் துருவியும் சப்பாத்தி மாவு பிசையும் கருவியும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். உன் பெட்டி அந்த அளவுக்காவது உதவுமா?

முருகேசன்: உதவும், ஐயா. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடி படமும் காட்டியதால், படம் பார்க்கிற சாக்கில் அதை வாங்கியவர்கள் ஏராளம். 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-இல் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கணினியாகவே பயன்படுத்த முதலில் இடம் இருந்தது. 2010-இல் அதை நீக்கிவிட்டார்கள். அதே 2010-இல் அமெரிக்க விமானப்படை 1,700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை ஒன்றாகப் பிணைத்து மீத்திறன் கணினி ஒன்றைச் செய்தது. பெட்டியை அடக்கவிலைக்கும் குறைவாக விற்று, விளையாட்டு வட்டுகளில் லாபம் பார்ப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். விமானப்படைக்கு மலிவாகக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இளங்கோவன்: விமானப்படை ஆயிரத்து எழுநூறு வாங்கினால் ஆராய்ச்சி, என் பேரன் ஒன்று கேட்டால் அடம்.

முருகேசன்: வெறும் விளையாட்டுக்கு என்று உண்மையைச் சொன்னால் எந்த ஊரிலும் காசு புரளாது, ஐயா. நின்டென்டோ நிறுவனம் 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட விளையாட்டுப் பெட்டிக்கு வைத்த பெயரே 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'. அந்த ஆண்டில் அமெரிக்காவில் வீடியோ கேம் வணிகம் படுத்துவிட்டது. 'வீடியோ கேம்' என்று சொன்னாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். அதனால் 1985-இல் அங்கே போனபோது, பெட்டியோடு ஒரு குட்டி ரோபோவைச் சேர்த்துப் பொம்மை என்று விற்றார்கள்.

இளங்கோவன்: (குரலைத் தாழ்த்தி) என்னிடமும் அப்படி ஒன்றை விற்றிருக்கிறார்கள். தொண்ணூறுகளில் என் மகன், படிப்புக்குக் கணினி வேண்டும் என்றான். விசைப்பலகையோடு ஒரு பெட்டியைப் பாதிச் சம்பளம் கொடுத்து வாங்கினேன். தட்டச்சுப் பாடம் ஒரே ஒரு நாள் ஓடியது. மறுநாள் முதல், மீசை வைத்த குழாய்த் தொழிலாளி ஒருவர் ஆமைகளின் தலையில் குதித்துக்கொண்டே இருந்தார். இன்று, 'கைப்பேசியே போதும்' என்று பேரனுக்கு உபதேசம் செய்கிறவன் அந்த மகன்தான்.

முருகேசன்: கைப்பேசியையும் விளையாட்டுப் பெட்டியையும் ஒன்றாக்கவும் பார்த்தார்கள், ஐயா. 2003-இல் நோக்கியா 'என்-கேஜ்' என்று ஒன்றை விட்டது. விளையாட்டை மாற்ற வேண்டுமானால் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேச வேண்டுமானால், மடித்த தோசையின் ஓரத்தைக் காதில் செருகுவது போல, அதன் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும்.

இளங்கோவன்: மாப்பிள்ளையும் நானே, புரோகிதரும் நானே என்ற கதை.

முருகேசன்: இன்னொன்று, ஐயா. பிளேஸ்டேஷனுக்கு நிரல் எழுதுகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பெட்டி. கைப்பேசிக்கு எழுதுகிறவரோ ஆறாயிரம் ரூபாய்க் கருவிக்கும் ஒரு லட்ச ரூபாய்க் கருவிக்கும் சேர்த்து எழுதியாக வேண்டும்.

இளங்கோவன்: ஆறாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஒரே வினாத்தாள் தயாரிப்பது போல. புரிகிறது. வேறொன்றும் எனக்கு அனுபவத்திலேயே தெரியும். சென்ற மாதம் பேரன் பாட்டியின் கைப்பேசியில் துப்பாக்கியோடு யாரையோ துரத்திக்கொண்டிருந்தான். கீழே சிலிண்டரோடு வந்தவர் ரகசிய எண் கேட்டு மூன்று முறை அழைத்திருக்கிறார். மூன்று முறையும் இவன் துண்டித்திருக்கிறான். எதிரி செத்தான், சிலிண்டர் திரும்பிப் போனது, இரண்டு நாட்கள் மூன்று வேளையும் உப்புமா.

முருகேசன்: இந்தப் பெட்டிக்கு யாரும் அழைக்க மாட்டார்கள், ஐயா. வாங்குங்கள்.

இளங்கோவன்: வாங்கத்தான் போகிறேன். நான் வந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. (மஞ்சள் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து) இதைச் சரிசெய்ய முடியுமா?

(சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கைவிளையாட்டு. சிறிய கறுப்பு வெள்ளைத் திரை. மேலே '9999 விளையாட்டுகள்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. எல்லாமே செங்கல் விழும் விளையாட்டுதான்.)

முருகேசன்: இதன் மூலமே பலபொருள் கருவிதான், ஐயா. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் 'டெட்ரிஸ்' என்ற இந்த விளையாட்டை முதலில் எழுதியது ஆராய்ச்சி நிலையத்துக் கணினியில். அதில் படம் வரைய வழி இல்லாததால் அடைப்புக்குறிகளைச் சேர்த்தே செங்கல் செய்தார். 1989-இல் 'கேம்பாய்' என்ற விளையாட்டுக் கருவியில் ஏறிய பிறகுதான் இது பட்டிதொட்டி எல்லாம்... (திருப்பிப் பார்க்கிறான். பின்புறம் காம்பஸ் முனையால் கீறிய எழுத்துகள்: 'மு. முருகேசன், 9 ஆ'.) ஐயா! இது என்னுடையது!

இளங்கோவன்: 1998-இல் செய்யுள் நடத்தும்போது மேசைக்கு அடியில் வைத்து விளையாடினாய். பறிமுதல் செய்தேன்.

முருகேசன்: உடைத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னீர்களே!

இளங்கோவன்: உடைத்து விடுவேன் என்றேன். எதிர்காலத்தில்தான் சொன்னேன். இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் மாதக்கணக்கில் ஓடியது. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வீட்டில் எட்டுக் கைப்பேசிகள் மாறிவிட்டன. இதற்கு ஒன்றும் ஆகவில்லை. சென்ற வாரம் பேரன் கண்ணில் பட்டுவிட்டது. நான்கு நாட்களாக என் கைக்கு வரவில்லை. அவனுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தால்தான் இது எனக்கு மிஞ்சும்.

முருகேசன்: (பேட்டரி மூடியைத் திறந்து) முனையில் பச்சை பூத்திருக்கிறது. (பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, புதுப் பேட்டரி போடுகிறான். கீச்சென்று ஓர் இசை எழுகிறது. முதல் செங்கல் விழுகிறது.) ஓடுகிறது, ஐயா. கூலி வேண்டாம். ஆனால் இது என்னுடைய பொருள் அல்லவா?

இளங்கோவன்: (வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு) யார் இல்லை என்றது? அன்றைக்குச் சொன்னதுதான் இன்றைக்கும். அப்பாவை அழைத்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொள்.